குகைக்குள் மட்டும் அப்பா

என் மகளுக்கு என்னைக் கண்டால் பயம். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. மஸ்கட்டில் இரண்டு வருஷம் டைல்ஸ் ஒட்டிவிட்டு, நாற்பது நாள் லீவில் விருத்தாசலம் வந்து இறங்கினேன். வாசலில் என் மனைவி மலர் நின்றாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தை என் மீசையைப் பார்த்தாள். தெருவே எட்டிப் பார்க்கும்படி அலறினாள்.

நான் விமானம் ஏறியபோது மலருக்கு ஐந்தாம் மாதம். அபி பிறந்ததை போனில் கேட்டேன். குப்புற விழுந்ததையும், பல் முளைத்ததையும், எழுந்து நின்றதையும் போனில்தான் கேட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் நான் கூப்பிடுவேன். மலர் செல்போனைக் குழந்தையின் காதில் வைத்து, "அப்பா பேசுறாரு பாரு" என்பாள். இந்த வயசுப் பிள்ளையிடம் என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "கூ... அபிக்குட்டி... ஜிக்கு ஜிக்கு ஜிக்கு..." என்று ரயில் விடுவேன். அந்தப் பக்கம் சிரிப்பாள். பிறகு அவளும் "கூ" சொல்லக் கற்றுக்கொண்டாள்.

அதில்தான் கோளாறு. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது கையடக்கமான ஒரு கறுப்பு செல்போன். வாரத்துக்கு ஒருமுறை அது கூவும். நான் வந்த பிறகு அது கூவவில்லை. நான் இங்கே இருக்கும்போது யார் கூப்பிடுவார்கள்? அவள் அதை எடுத்துக் காதில் வைத்து "கூ" என்பாள். பதில் வராது. திரும்பிப் பார்த்தால் மீசை வைத்த ஒருவன் கட்டிலில் உட்கார்ந்திருப்பான். அவள் அப்பாவின் வாயை அடைத்தவனே நான்தான் என்று நினைத்தாளோ என்னவோ.

நேரில் "கூ" சொல்லிப் பார்த்தேன். போனில் வரவேண்டிய சத்தம் இந்த ஆளின் வாயிலிருந்து வந்ததும் இன்னும் பயந்தாள். தெருமுனை பூத்துக்குப் போய் வீட்டுக்கு போன் போட்டேன். கெக்கெக்கே என்று சிரித்தாளாம். ஓடோடி வீட்டுக்கு வந்தேன். அழுதாள்.

"பேசாம மஸ்கட்டுக்கே போயிடுடா. அங்க இருந்தாதான் நீ நல்ல அப்பன்" என்றாள் அக்கா.

அக்கா என்றால் வள்ளி அக்கா, எனக்கு ஆறு வயது மூத்தவள். பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். அபி அவளிடம் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்வாள். அக்காவின் வாய்க்குப் பயந்து அவள் வீட்டுப் பக்கம் காக்காய்கூட உட்காராது. ஆனால் ரயில் யோசனையைச் சொன்னதும் அவள்தான்.

"நீதான் எப்பப் பாத்தாலும் கூ கூன்னு வுடுறியே, அந்தப் புள்ளைக்கு நெஜ ரயிலக் காட்டு. மேட்டுப்பாளையத்துலேருந்து மலைமேல போவுதாம், பழைய எஞ்சின். நானும் வரேன். எனக்கும் அதப் பாத்து ரொம்ப நாளு ஆவுது."

லீவில் பெரும்பகுதி கழிந்திருந்தது. இப்படியே திரும்பிப் போனால் இன்னும் இரண்டு வருஷம். அடுத்த தடவை வரும்போது அவளுக்கு நான்கு வயது நெருங்கியிருக்கும். அப்போது "மாமா வாங்க" என்று மரியாதையாகச் சொல்வாள். அதற்கு அலறலே மேல். கிளம்பிவிட்டோம்.

முதல் நாள் பஸ். மலரும் அக்காவும் குழந்தையும் முன்னால், நான் பைகளோடு கடைசி சீட்டில். வேப்பூரில் பஸ் நின்றது. நெடுஞ்சாலை ஓட்டலில் இட்லி சொன்னோம். சென்னைக்கும் திருச்சிக்கும் பறக்கிற லாரிகளின் புழுதியெல்லாம் அங்கே சாம்பாரில்தான் இறங்குகிறது. ஒரு துண்டு இட்லியைச் சட்னியில் தொட்டு அபியிடம் நீட்டினேன். அவள் இட்லியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், கைக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தாள். ஓட்டலே திரும்பிப் பார்த்தது.

"அய்யனார் செலையப் பாத்த மாதிரி மெரளுது. மீசைய எடுத்துத் தொலையேன்டா" என்றாள் அக்கா.

"அண்ணி, அவரு மீச இல்லாம நான் பாத்ததே இல்ல" என்றாள் மலர்.

"நீ பாத்து என்னா ஆவப்போவுது? புள்ள பாக்கணும்."

அன்று சாயங்காலம் மேட்டுப்பாளையத்தில் லாட்ஜுக்கு எதிரே இருந்த சலூனில் மீசையை எடுத்தேன். பதினெட்டு வயதிலிருந்து இருந்த மீசை. கண்ணாடியில் பார்த்தால் யாரோ பால்காரன் மாதிரி இருந்தது. அறைக்குள் நுழைந்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அபி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு முன்பைவிட அதிகமாக அழுதாள். இதுவரை மீசையோடு ஒருவன் பயமுறுத்தினான். இப்போது மீசை இல்லாமல் இன்னொருவன் வந்து சேர்ந்திருக்கிறான். அவள் கணக்குப்படி நாங்கள் இரண்டு பேர்.

மறுநாள் காலை ஸ்டேஷன். சின்ன ஸ்டேஷன்தான், எங்கள் ஜங்ஷனில் கால்வாசிகூட வராது. ஆனால் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். பலகை பெஞ்சில் அபி தூங்கிக்கொண்டிருந்தாள். மலரும் அக்காவும் முகம் கழுவப் போனார்கள். பிளாட்பாரத்தின் கோடியில் எஞ்சின் வந்து நின்றது. புஸ் என்று ஆவி விட்டது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு எஞ்சினை நோக்கி நடந்தேன். நடந்தேனா, ஓடினேனா என்று தெரியவில்லை. கண் விழிக்கும்போது எஞ்சின் அவள் எதிரே இருக்க வேண்டும், நான் பின்னால் இருக்க வேண்டும் என்பது என் திட்டம். பாதி வழியிலேயே விழித்துக்கொண்டாள். என் முகம்தான் முதலில் தெரிந்தது.

கூட்டம் கூடிவிட்டது. வடைக் கூடை வைத்திருந்த ஓர் அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"ஏனுங்க, கொழந்தை யாருதுங்க?"

"என்னுதுதாம்மா."

"அப்பறம் எதுக்குங்க தூக்கிட்டு ஓடறீங்க?"

"எஞ்சின் காட்டப் போறேன்."

"ஏஞ் சாமி, இது யாரு கண்ணு? அப்பனா?" என்று குழந்தையைக் கேட்டாள். அபி தலையை இல்லை என்று ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, அவ்வளவு தெளிவாக ஆட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டி வடைக்கார அம்மாவிடம் தாவினாள். தாவியதும் அழுகை நின்றது. எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த, அதுவரை பார்த்தே இராத ஒருத்தியிடம் போகிறாள். என்னிடம் வரவில்லை.

பர்ஸிலிருந்து கல்யாண போட்டோவை எடுத்து நீட்டினேன். ஒருவர் வாங்கிப் பார்த்தார். "இதுல மீசை வெச்சிருக்கறது யாருங்க?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே தண்டவாளத்தில் குதித்திருப்பேன்.

நல்லவேளை, மலர் ஓடிவந்தாள். "இவருதாங்க வூட்டுக்காரரு. வெளிநாட்டுல இருக்காருங்க" என்றாள் மூச்சு வாங்கியபடி.

"இங்கதான நிக்கறாரு?" என்றாள் வடைக்கார அம்மா.

விளக்கம் சொல்லி முடித்தபோது அவள் முகம் மாறிவிட்டது. குழந்தையை மலரிடம் கொடுத்துவிட்டு, ஒரு வடையைத் தாளில் வைத்து என் கையில் திணித்தாள். "சாப்புடுங்க சாமி. வந்துருவா" என்றாள். சூடான பருப்பு வடை. அதன் ருசியை அன்று நான் அறியவில்லை. இப்போது நினைக்கும்போது தெரிகிறது.

அக்கா அதற்குள் எஞ்சினுக்குப் போய்விட்டிருந்தாள். அதன் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"டேய், என்னாடா இது? கரி வாசனையே இல்ல. நம்ம சூளை நாத்தம்ல அடிக்குது!"

அவள் சொன்னது சரி. பெட்டியில் ஏறும்போது கொடி பிடித்து நின்ற, பெட்டிக்கு பிரேக் போடுகிறவரிடம் கேட்டேன். இந்த எஞ்சினுக்கு இப்போது எண்ணெய்தான் ஊற்றுகிறார்களாம். அதே எண்ணெயில்தான் எங்கள் ஊர்ப் பீங்கான் சூளைகளும் எரிகின்றன. மஸ்கட்டுக்குப் போகும் முன் ஏழு வருஷம் நான் அந்த நாற்றத்தில்தான் வேலை பார்த்தேன். என் சட்டை, சாப்பாடு, தலையணை எல்லாவற்றிலும் அது இருந்தது.

அக்கா தேடிய வாசனை அதற்கும் முந்தியது. எங்கள் சின்ன வயதில் விருத்தாசலம் ஜங்ஷனில் கரி எஞ்சின்தான். சேலம் பக்கம் போகிற சின்ன லைனில் அவை புகையைக் கக்கிக்கொண்டு வந்து நிற்கும். சாம்பலைக் கீழே தட்டிவிட்டுப் போகும். அந்தச் சாம்பலில் பாதி எரிந்த கரி கிடக்கும். அக்காவும் நானும் கூடையோடு போய்ப் பொறுக்குவோம். டீக்கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். சூடு ஆறுவதற்குள் போனால்தான் நல்ல கரி கிடைக்கும், ஆறிய பிறகு போனால் மற்றவர்கள் அள்ளியிருப்பார்கள். அக்காவின் வலது உள்ளங்கையில் இன்னமும் ஒரு தழும்பு இருக்கிறது. எஞ்சின் கிளம்பும்போது டிரைவர் எங்களைப் பார்த்து ஒரு "கூ" விடுவார். அது எங்களுக்கென்று விட்டது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் மஸ்கட்டிலிருந்து மகளுக்கு விட்டதும் அதே கூதான்.

இந்த லீவில் வந்து பார்த்தபோது அந்தச் சின்ன லைனைப் பெயர்த்துவிட்டு அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வேகமாகப் போகலாம், நல்லதுதான். பெயர்த்த தண்டவாளங்களை அடுக்கி வைத்திருந்ததை நான் நின்று பார்க்கவில்லை, நடையைக் கட்டிவிட்டேன்.

ரயில் கிளம்பியது. எஞ்சின் முன்னால் இழுக்கவில்லை, பின்னாலிருந்து தள்ளியது. சூளைக்குள் டிராலியை நாங்கள் தள்ளுவது மாதிரியே இருந்தது. தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்பு ஒன்று ஓடுகிறது. அதைக் கவ்விக் கவ்விக்கொண்டு மலை ஏறுகிறது. பெட்டிக்குள் நடந்து திரிய வழியில்லை. எதிரெதிரே இரண்டு பலகை, இரண்டு பக்கமும் கதவு. ஜன்னல் ஓரம் அபியோடு அக்கா. பக்கத்தில் மலர். எதிர்ப் பலகையில் ஒரு மலையாளத் தம்பதி, அடுத்து நான்.

"நீ மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கிட்டு உக்காரு" என்றாள் அக்கா.

திருப்பிக்கொண்டேன். அந்தப் பக்கம் மலையை வெட்டிய பாறைச் சுவர். இந்தப் பக்கம் பள்ளத்தாக்கு, அருவி, பாக்குத் தோப்பு என்று எல்லாரும் ஆஆ என்றார்கள். நான் பாறையைப் பார்த்துக்கொண்டு போனேன். ஈரப் பாறை. அங்கங்கே பாசி.

மலையாளத்து அம்மா தன் கணவரிடம் மெதுவாக, மலையாளத்தில் சொன்னாள்: "அந்த ஆளைப் பாருங்கள். இவர்களோடுதான் வந்திருக்கிறான், குழந்தைக்கு அவனைக் கண்டாலே ஆகவில்லை. சூனியக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்."

மஸ்கட்டில் என் அறையில் ஏழு பேர், அதில் ஐந்து பேர் மலையாளிகள். நான் திரும்பி, "நான்தான் அதன் தகப்பன். லீவில் வந்திருக்கிறேன்" என்று அவர்கள் மொழியிலேயே சொன்னேன். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

கணவர் மட்டும் என் முழங்காலில் தட்டினார். அவர் துபாயில் பதினாறு வருஷம் இருந்தவராம். "என் பையனும் இப்படித்தான். லீவு முழுக்கக் கிட்டே வரவில்லை. கடைசியில் ஏர்போர்ட்டில் வைத்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டான். கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்" என்றார். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

முதல் குகை வந்தது. பெட்டியில் விளக்கு கிடையாது. திடீரென்று கும்மிருட்டு. ரயில் முழுக்க ஓ என்று கத்தினார்கள். அபி கத்தவில்லை, பயத்தில் சத்தமே இல்லாமல் போய்விட்டாள். குகை முடிந்து வெளிச்சம் வந்தபோது அவள் உதடு பிதுங்கியிருந்தது.

இரண்டாவது குகை. இருட்டியதும் எனக்கு என்ன தோன்றியதோ, கத்துகிறவர்களுக்கு நடுவே, போனில் சொல்வது போலவே சொன்னேன்: "கூ... அபிக்குட்டி... ஜிக்கு ஜிக்கு ஜிக்கு..."

பிறகு இருட்டுக்குள்ளிருந்து, எதிர்ப் பக்கத்திலிருந்து, மெல்லிய குரலில் வந்தது.

"கூ."

வெளிச்சம் வந்தது. நான் சட்டென்று பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலர் எதிரிலிருந்து எட்டி என் முதுகில் கை வைத்தாள்.

"கதவப் புடிச்சுக்கிட்டு இந்தாண்ட வாடா" என்றாள் அக்கா. "அடுத்ததுக்குள்ள எம் பக்கத்துல உக்காரு."

மலரும் நானும் இடம் மாற்றிக்கொண்டோம். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். எதிரே மலையாளத் தம்பதி படம் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது குகை வந்தது. துண்டை எடுத்தேன். "கூ..." என்றேன். ஒரு சின்னக் கை இருட்டில் தடவிக்கொண்டு வந்து என் தாடையைத் தொட்டது. வாயைத் தேடியது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உதட்டைப் பிடித்துப் பார்த்தது. அந்தக் கையில் வேர்க்கடலை வாசனை.

"அப்பா" என்றாள்.

இருபத்தெட்டு வயதில் நான் ரயில் குகைக்குள் அழுதேன். இருட்டு என்பதால் யாருக்கும் தெரியாது. இப்போது எழுதுவதால் தெரிகிறது, தெரிந்தால் தெரியட்டும்.

குகை முடிந்தது. அவள் கை என் உதட்டில்தான் இருந்தது. வெளிச்சத்தில் அந்த உதடு யாருடையது என்று பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள். அழுதாள்.

இப்படியே குன்னூர் வரை. இருட்டில் அப்பா, வெளிச்சத்தில் பிள்ளை பிடிக்கிறவன். நீண்ட குகைகளில் மடிக்கே வந்துவிடுவாள். குகை முடிவதற்குள் அக்கா அவளைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். குட்டிக் குகைகளை எல்லாம் எனக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. மலையைக் குடைந்தவன் இன்னும் கொஞ்சம் குடைந்திருக்கக் கூடாதா?

நடுவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. எல்லாரும் இறங்கிப் போட்டோ எடுத்தார்கள். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினாள்.

"அடப்பாவி, வூட்டுல கரண்டு போனப்பல்லாம் சும்மா புள்ள பக்கத்துல உக்காந்திருந்தா போதும்போல. நீ மெழுகுவத்தி மெழுகுவத்தின்னு ஓடுன!"

குன்னூரில் இறங்கியபோது பெரியவர்கள் ஐந்து பேர் மூக்கிலும் கரிப்பொட்டு. மலையாளத் தம்பதியோடு டீக்கடையில் உட்கார்ந்தோம். மலைக் குளிருக்கு அந்த டீ தொண்டையில் இறங்குவது தெரிந்தது. வர்க்கி என்று ஒன்று கொடுத்தார்கள், மொறுமொறுவென்று, பிய்த்தால் அடுக்கடுக்காக வரும். எங்கள் ஊர் பேக்கரிகள் இதைக் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

டீ குடித்து முடித்ததும் நான் கப்பைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தேன். அக்காவும் கவிழ்த்தாள். மலரும் கவிழ்த்தாள். விருத்தாசலத்துக்காரர்கள் எங்கே போனாலும் இதைச் செய்வார்கள். எந்த ஊர்ச் சூளை, அடி சமமாக இருக்கிறதா, மெருகு வழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் கப்பைக் கீழே வைக்க எங்களுக்கு வராது. கல்யாண வீட்டில்கூடச் செய்து பேச்சு வாங்கியிருக்கிறோம்.

"அடி கோணல்" என்றேன்.

"நம்மூருது இல்ல" என்றாள் அக்கா. அவளுக்கு அதில் ஒரு திருப்தி.

மலரின் மடியில் இருந்த அபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அழாமல். அவள் முன்னால் கப்பில் பால். அவள் அதை இரண்டு கைகளாலும் எடுத்தாள். நான் செய்தது போலவே கவிழ்த்தாள். அத்தனை பாலும் மலையாளத்துக்காரரின் பேண்டில். அவள் கப்பின் அடியை மிகக் கவனமாகப் பார்த்தாள்.

"அப்பனுக்குப் பொறந்ததுதான், சந்தேகமே இல்ல" என்றாள் அக்கா. மலையாளத்துக்காரர் பேண்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவர் மனைவியும் சிரித்தாள். நான்தான் முதலில் சிரித்தேன் என்று மலர் சொல்கிறாள்.

ஊட்டியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஏரி இருந்தது. குதிரை இருந்தது. கூட்டம் இருந்தது. குளிர் இருந்தது. அபி குதிரையிடம் போனாள், என்னிடம் வரவில்லை. அங்கே குகை இல்லை. மறுநாள் பஸ்ஸில் இறங்கிவிட்டோம். கொண்டை ஊசி வளைவுகளில் மலர் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். வழி முழுக்க நான் மிச்சமிருந்த நாட்களையே நினைத்துக்கொண்டு வந்தேன். விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஊர் வந்ததும் மறுபடி பழைய கதை. பகலில் அவளுக்கு நான் அந்நியன். வெயில் காயும் ஊரில் இருட்டுக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வந்தாள். "எந்திரி. புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் வரேன். உன் பழைய கம்பெனிக்குப் போலாம். சூளை ஆறிக் கெடக்குதாம்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் சூளைக்குள் தண்டவாளம் உண்டு. பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் அடுக்கிய டிராலியை அதன்மேல் உள்ளே தள்ளி, கதவைச் சாத்தித்தான் சுடுவோம். ஏழு வருஷம் அதைத் தள்ளியிருக்கிறேன். முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சுட்டுறாதய்யா" என்றார்.

காலி டிராலியில் சாக்கை விரித்து அபியை உட்காரவைத்தாள் அக்கா. அபியின் கையில் செல்போன். அது இல்லாமல் அவள் எங்கும் போவதில்லை. நான் அவளுக்குத் தெரியாமல் பின்னால் நின்று தள்ளினேன். டிராலி கடகடவென்று சூளைக்குள் போனது. நானும் உள்ளே போனேன். அக்கா கதவை, காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டுச் சாத்தினாள். இருட்டு. அதே எண்ணெய் நாற்றம்.

"கூ..." என்றேன். செங்கல் சுவரில் பட்டு அது பெரிதாகத் திரும்பி வந்தது.

"கூ!" என்றாள். கைகள் தேடின. மடிக்கு வந்துவிட்டாள்.

அப்போது செல்போன் அடித்தது. வீட்டுக்கு வாங்கியிருந்த புதுப் போனிலிருந்து மலர்தான். சாப்பிட எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள். சூளை இருட்டில் அந்தச் சின்னத் திரை பச்சையாக எரிந்தது. அபி அதைத் தூக்கி, வழக்கம்போல "அப்பா!" என்றாள். அந்த வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவள் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முளைக்க ஆரம்பித்திருந்த மீசை, மூக்கு, கண் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் போனைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நான் மிக மெதுவாக, "கூ" என்றேன். உதடு அசைவதைப் பார்த்தாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. திரை அணைந்தது. இருட்டில் என் உதட்டைப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்றாள். போன் சாக்கின் மேல் விழுந்த சத்தம் கேட்டது.

வெளியே வந்தோம். சூளைச் சுவரின் வெள்ளைத் தூள் இரண்டு பேர் முகத்திலும். பட்டப்பகல் வெளிச்சம். நான் அலறலுக்குக் காத்திருந்தேன். அவள் டிராலியைக் காட்டி, "போ" என்றாள், எனக்கு முதலாளி மாதிரி. தள்ளினேன். மறுபடி "போ" என்றாள். என் இடுப்பு ஒடிகிற வரை தள்ளினேன். வீட்டுக்கு வெயிலில் நடந்து வந்தபோது என் தோளில் தூங்கிவிட்டாள். அக்கா குடை பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

அதற்குப் பிறகு கிடைத்தது நான்கு நாட்கள். மலையாளத்துக்காரருக்குக் கிடைத்ததைவிட அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். வந்த அன்று என்னைப் பார்த்து அழுதாள். போன அன்று பஸ் ஸ்டாண்டில் என் சட்டையை விடாமல் அழுதாள். அக்காதான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். "ஏறுடா, திரும்பிப் பாக்காத" என்று திட்டினாள்.

மஸ்கட்டில் அடுத்த வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து அறையில் எல்லாரும் சாய்ந்திருந்தார்கள். ஜன்னலில் கண் கூசும் வெயில். போன் போட்டேன். "கூ..." என்றேன்.

பதில் வரவில்லை. பிறகு மலர் சொன்னாள்: "காதுல வச்சா புடுங்கி எறியிறா. கட்டுலுக்கு அடியில போயி உக்காந்துக்கிட்டு என்னையும் வரச்சொல்றா. அங்க இருட்டா இருக்குதுங்க. அங்கதான் நீங்க இருக்கீங்களாம்."

"போ மலரு, நீயும் உள்ள போ. போனையும் எடுத்துக்கிட்டுப் போ."

பாத்திரம் எதையோ அவள் தட்டிவிடும் சத்தம் கேட்டது. நான் என் கட்டிலில் கிடந்த கம்பளியை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன். உள்ளே இருட்டு. பக்கத்துக் கட்டில்காரன், இந்த வெயிலில் உனக்கென்ன ஜுரமா என்று மலையாளத்தில் கேட்டான்.

"சும்மா இரு. குகை வந்துவிட்டது" என்றேன்.

"கூ" என்றாள் அபி.